சரஸ்வதிக்கு முன்னால் இருபத்திரண்டு எழுத்து

2024 ஒக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, பிற்பகல் நான்கு இருபது. ஆபிரிக்கப் பக்கமிருந்து வெக்கைக் காற்று அடித்து, வானம் மண்ணிறமாகக் கிடந்தது. இத்தாலியில், பலெர்மோ நகரின் போர்கோ வெக்கியோ பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் சரஸ்வதி பூசைக்காக ஏழு புத்தகங்களை அடுக்கி, அவற்றின் மேல் நான் எழுதிய ஒரு பெரிய தாளைச் சார்த்தி வைத்தேன்.

தாளில் இருந்தவை பலெர்மோவை நிறுவிய பினீசியரின் எழுத்துகள், மொத்தம் இருபத்திரண்டு. எகிப்தியரின் நூற்றுக்கணக்கான படங்களில் சிலவற்றை மட்டும் யாரோ கெட்டிக்காரர்கள் பொறுக்கி, ஒரு படத்துக்கு ஒரு ஒலி என்று வைத்துக்கொண்டதில் தொடங்கிய வழி அது. மாட்டுத் தலை முதலெழுத்தாயிற்று, வீடு இரண்டாவது. பிறகு கிரேக்கர் வாங்கினார்கள், அவர்களிடமிருந்து இந்த ஊர்க்காரர். நம் எழுத்துக்கும் அங்கே தூரத்து உறவு உண்டென்று அறிஞர் சிலர் சொல்கிறார்கள். கலைமகளுக்கு முன் அதற்கும் ஓர் இடம் கொடுப்பது நியாயம்தானே?

வலமிருந்து இடமாக எழுதியதால் கடைசி எழுத்து இடது மூலையில் விழுந்தது. பார்த்தால் அசல் சிலுவை. என் மங்கல் கண்ணுக்காக எல்லாவற்றையும் உள்ளங்கை அளவில் எழுதியிருந்தேன்.

லிபெர்த்தா வீதியில் வேலை முடிந்து வந்த மனைவி கண்டுவிட்டாள்.

"என்னப்பா இது, வேதக்காரராய் மாறிட்டியளோ?"

"எழுத்தப்பா. மூவாயிரம் வருசப் பழசு."

"எடுங்கோ அதை."

"வைச்சதை விசயதசமிக்கு முன்னம் எடுக்கப்படாதெண்டு நீர்தானே சொல்லுறனீர்."

அது அவளுக்கும் தெரியும். "அப்ப நான் விளக்கேத்தமாட்டன்," என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். ஆறு மணிக்கு ஒன்பது பேர் வர இருந்தார்கள். அவள் விளக்கேற்றாமல் இந்த வீட்டில் ஒரு பூசையும் நடந்ததில்லை.

முதலில் வந்தவர் மேல்மாடி மன்னார் நண்பர், கத்தோலிக்கர். தாளைக் கண்டதும் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டார்.

"மாஸ்ரர், ஆண்டவர் கடைசியிலை உங்களையும் பிடிச்சிட்டார்!"

"கேட்டியளோ!" என்றது அடுப்படிக் குரல்.

"அது ஆண்டவருக்கும் முந்தினது!" என்று கத்தினேன். "அந்த எழுத்தின்ரை பேருக்கே அடையாளம் எண்டுதான் அர்த்தம். மாட்டுக்குக் குறிசுடுற மாதிரி."

பாத்திரச் சத்தம் நின்றது. அவள் வந்து குனிந்து பார்த்தாள்.

"எங்கடை ஐயாவின்ரை மாட்டுக்கும் இதுதான் குறி. இடது தொடையிலை. நாப்பது மாடு."

"முப்பத்தாறு. சீதனம் பேசேக்கை எண்ணினனான்."

"எண்ணுவியள்!" சிரித்துக்கொண்டே தீப்பெட்டியை எடுத்தாள். "ஏத்துறன். ஆனா எனக்கு வந்த நடுக்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையிலை மீன் சாப்பாடு வேணும்."

"நானும் நடுங்கினனான் அக்கா," என்றார் மன்னார்க்காரர்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருக்கும் சாப்பாடு, மன்னார்க்காரர் இரண்டாம் முறை கேட்ட இறால் தட்டு, உட்கார்ந்ததற்கே ஆளுக்கு வாங்கும் மேசைக் காசு எல்லாம் சேர்த்து நான் கட்டியது நூற்றுப் பதினொரு யூரோ.