பிலிம் டப்பாவில் குவாங்சோ

மூடியைத் திறந்தால் முதலில் வருவது புகை மணம், அதன் பின்னால் சந்தனம், அதற்கும் பின்னால் பிலிம் சுருளுக்கே உரிய ஒரு புளித்த மருந்து வாசம். தொண்ணூறுகளில் பலெர்மோவில் நாங்கள் இருந்த இரண்டு அறை வீட்டின் சாமிப்படத் தட்டில், நல்லூரிலிருந்து வந்த திருநீற்றுக் காகிதச் சரைக்குப் பக்கத்தில், அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் டப்பா இருந்தது. அதற்குள் இருந்த சாம்பல் சீனாவில் குவாங்சோ என்ற நகரத்துக் கோயிலிலிருந்து வந்தது. கொண்டுவந்தவர் அப்பாவின் தம்பி, குகன் சித்தப்பா. "புத்தர் கோயில் சாம்பலை முருகனுக்குப் பக்கத்தில வைச்சிருக்கிறார்" என்று அம்மா முணுமுணுப்பாரே தவிர, தூசு தட்டும்போது ஒருநாளும் அதைக் கீழே இறக்கியதில்லை.

சித்தப்பா குவாங்சோவுக்குப் போக நினைத்துப் போனவரல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன "ஏஜென்சிக்காரன்" அவரையும் இன்னும் ஏழு பேரையும் அங்கே ஒரு நாலாம் மாடி அறையில் இறக்கிவிட்டு, "வெளியில போகாதையுங்கோ, வாறன்" என்று சொல்லிவிட்டு நாலு மாதம் வராமலே இருந்துவிட்டான். மற்றவர்கள் சொன்ன சொல் தட்டாமல் உள்ளே இருந்து சீட்டு விளையாடினார்கள். சித்தப்பா மூன்றாம் நாளே சேட்டொன்றை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். ஏன் என்று நான் கேட்டபோது அவர் சொன்னதை இப்போதும் மறக்கவில்லை. "அறைக்குள்ள இருந்தா நான் சாமான், பிள்ளை. வெளியில போனா மனிசன்."

பலெர்மோவை ஒட்டிய ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலோரத்து உணவகம் ஒன்றில் அவர் பாத்திரம் கழுவினார். ஓய்வு கிடைக்கும் திங்கட்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டுக்கு வந்து, விரலில் இன்னும் மீன் செதிள் ஒட்டியிருக்க, கட்டிலில் சம்மணம் கட்டி உட்கார்ந்து எனக்கு அந்த ஊரைச் சொல்வார். விடிய வெள்ளனத் தெருவோரத்தில் பெரிய கிடாரங்களில் அரிசிக் கஞ்சி கொதிக்கும், அதில் இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவித் தருவார்கள், எங்கள் கஞ்சியேதான் ஆனால் தேங்காய்ப்பால் இல்லை என்பார். கிழவர்கள் கிளிக்கூடு மாதிரிக் கூடுகளில் குருவியைத் தூக்கிக்கொண்டு தேநீர்க் கடைக்கு வந்து, கூட்டைக் கொழுவிவிட்டு, கோழிக்கால் விரல்களைச் சூப்பியபடி பேப்பர் படிப்பார்களாம். சந்தையில் பாம்பு கூடைக்குள் நெளியுமாம். ஆற்றைக் கடக்கும் படகில் சைக்கிளோடு நூறு பேர் ஏறுவார்களாம். மாசி கடந்தால் வீட்டுச் சுவர்கள் வேர்த்து ஒழுகுமாம். அதை மட்டும் நான் நம்பவில்லை. தெரு முழுக்க ஆலமரம் என்றபோது அப்பாவே ஒருமுறை பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

சாம்பல் கதை இப்படி. சித்தப்பா வெள்ளிக்கிழமையில் மச்சமாமிசம் தொடாதவர். முதல் வெள்ளி பச்சைத் தண்ணீரோடு கழிந்தது. இரண்டாவது வெள்ளி ஆலமரத்தடியில் ஒரு கோயிலைக் கண்டு, எந்தச் சாமி என்று கேட்கப் பாஷை இல்லாததால் கேட்காமலே கும்பிட்டு, வாசலில் ஊதுபத்தி எரிந்து குவிந்திருந்த பெரிய வெண்கலச் சட்டியில் கைவிட்டுச் சாம்பலை அள்ளி, நெற்றியில் மூன்று குறியாகப் பூசிவிட்டார். திருநீறு என்றே நினைத்தாராம். சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதில் ஒரு முதியவள் மட்டும் சிரித்து முடிந்ததும் தானும் ஒரு விரல் தொட்டு நெற்றியில் இழுத்துக்கொண்டு, இவரைக் கையில் பிடித்துக் கோயில் சமையலறைக்குக் கூட்டிப்போய், காளானும் கீரையும் போட்ட மரக்கறி நூடில்ஸ் ஒரு கோப்பை நிறையக் கொடுத்தாள். அதற்குப் பிறகு வந்த எல்லா வெள்ளியும் அங்கேதான். ஆற்றங்கரையில் படம் எடுப்பவன் எறிந்த டப்பாவில் அந்தச் சாம்பலை அடைத்துக்கொண்டு வந்தார். அவருடைய படம் ஒன்றுகூட அங்கே எடுக்கப்படவில்லை, டப்பா மட்டும்தான் மிச்சம்.

பலெர்மோவையும் அவர் அப்படித்தான் பார்த்தார். வுச்சீரியாச் சந்தைக்கு என்னைக் கூட்டிப்போய், நெருப்பில் சுட்ட குடலையும் மண்ணீரல் வைத்த பாண் ரொட்டியையும் வாங்கித் தந்து, வாள்மீன் தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு கத்தும் மீன்காரர்களைக் காட்டி, "குவாங்சோவிலயும் இதே சத்தம்தான்" என்பார். சீனர்கள் கண்டதையும் தின்பவர்கள் என்று உணவகத்துச் சமையற்காரர் ஒருநாள் பழித்தபோது, "அப்ப காலமை முழுக்க நான் கழுவின நத்தை ஆருக்கு?" என்று அரைகுறை இத்தாலியனில் கேட்டுவிட்டு வந்தவர் அவர்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் "மாயெஸ்த்ரா", அதாவது ஆசிரியை, சுவரில் பெரிய உலகப்படம் ஒன்றை மாட்டினார். வீட்டில் யாராவது செய்த ஒரு பயணத்தைச் சொல்லவேண்டும், என்ன பார்த்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதவேண்டும், பலெர்மோவிலிருந்து அந்த ஊருக்குச் சிவப்புக் கம்பளி நூல் கட்டப்படும். ஒருத்தியின் அப்பா பாரிசுக்குப் போயிருந்தார், நூல் கட்டினார்கள். நான் எழுந்து குவாங்சோவைச் சொன்னேன். கஞ்சி, குருவிக்கூடு, ஆலமரம் எல்லாம் சொன்னேன், நாலாம் மாடி அறையையும் ஏஜென்சிக்காரனையும் சேர்த்துச் சொன்னேன். அங்கேதான் பிழை விட்டேன். மாயெஸ்த்ராவின் கண் கலங்கியது. இது பயணமல்ல, துயரம் என்றார். என் தாளை உலகப்படத்தில் குத்தாமல், படகுகளில் வந்திறங்கும் மக்களின் பத்திரிகைப் படங்கள் ஒட்டியிருந்த எதிர்ச் சுவரில் குத்தினார். சித்தப்பா வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வந்து தான் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும் என்றும் எழுதி அனுப்பினார்.

அந்தக் கடிதத்தைப் பார்த்து அப்பாவின் முகம் வெளிறிப்போனது. எங்கள் ஆட்களிடம் ஒரு சட்டம் இருந்தது: வந்த வழியைக் கதைப்பதில்லை. கலியாணவீட்டிலும் இல்லை, செத்தவீட்டிலும் இல்லை. சித்தப்பாவோ தங்குவதற்கான அனுமதியான "பெர்மெஸ்ஸோ" கேட்டு விண்ணப்பம் போட்டுவிட்டு, குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்துக்கு நடந்துகொண்டிருந்த காலம் அது. "ஒரு சொல் தவறினா இவனைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்று அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அப்போது பத்து வயது.

சித்தப்பா கடிதத்தை இரண்டாக மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார். "வந்த வழியை நான் சொல்லமாட்டன் அண்ணை. பார்த்த ஊரைச் சொல்லுவன். அதுக்கு ஒரு கடதாசியும் தேவையில்லை." அப்பா அவரோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் இஸ்திரி போட்டு மினுக்கிய வெள்ளைச் சேட்டோடு, டப்பாச் சாம்பலை நெற்றியில் மூன்று குறி பூசி, வகுப்புக்கு வந்தார். அவர் தமிழில் சொல்ல, பக்கத்தில் நின்று நான் இத்தாலியனில் சொன்னேன். கஞ்சியில் தொடங்கினார். கோழிக்காலுக்குப் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள், பாம்புக்குக் கைதட்டினார்கள். சாம்பலை அள்ளிப் பூசிய இடத்தில் வகுப்பே உருண்டு சிரிக்க, அவரும் சேர்ந்து சிரித்தார். மாயெஸ்த்ரா சிரிக்கவில்லை. மிகவும் பயந்திருப்பீர்களே, பசியோடு இருந்திருப்பீர்களே, எப்படி அங்கிருந்து வந்தீர்கள் என்று மென்மையாகக் கேட்டார். நல்ல மனுசி, கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் சித்தப்பா எதிர்ச் சுவருக்குத்தான் போவார் என்று எனக்கே விளங்கியது.

சித்தப்பா என்னைப் பார்த்தார். "பாரிசுக்குப் போன தகப்பனிட்டையும் இவ இதைத்தான் கேட்டவவோ எண்டு கேள், பிள்ளை."

மாயெஸ்த்ராவுக்குக் கோபம் வந்தால், அவர் யாருக்காவது ஒரு தொலைபேசி எடுத்தால், எல்லாம் முடிந்தது. சித்தப்பா காத்துக்கொண்டு நின்றார். மாற்றிச் சொல்லலாம், ஓம், பயமாயிருந்தது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இறங்கலாம் என்றுகூட நினைத்தேன். கடைசியில் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன், ஒரு சொல்லும் குறைக்கவில்லை.

மாயெஸ்த்ரா சிவந்துபோனார். மேசை லாச்சியைத் திறந்து சிவப்பு நூலை எடுத்தார், எதிர்ச் சுவரிலிருந்து என் தாளைக் கழற்றினார். இடையில் எந்த ஊர்களில் ஊசி குத்துவது என்று கேட்டார். சித்தப்பா நூலின் நுனியை வாங்கி, மலை கடல் எல்லாவற்றுக்கும் மேலாகப் பலெர்மோவிலிருந்து குவாங்சோவுக்கு நேரே இழுத்துப் பிடித்தார். "ஊசியைக் குத்து பிள்ளை" என்றார். அந்தச் சுவரில் அதுதான் எல்லாவற்றிலும் நீளமான நூல். பாரிஸ்காரி அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தது எனக்குப் போதுமாயிருந்தது.

யாரும் யாருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. அடுத்த வருடம் பெர்மெஸ்ஸோ வந்தது. அப்பா மட்டும் அந்த வெள்ளிக்கிழமையை மன்னிக்கவில்லை.

இன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடம் இல்லை, கட்டிடத்தில் வேறு ஏதோ அலுவலகம். வுச்சீரியாவில் மீன்காரர்கள் இருந்த இடத்தில் பின்னேரமானால் குடிவகைக் கடைக் கதிரைகள். எங்கள் ஆட்களைப் பற்றிப் பேச ஏதாவது நிகழ்ச்சிக்கு என்னை அழைத்தால் இன்றைக்கும் முதல் கேள்வி துயரம்தான், நானும் இன்றைக்கும் கஞ்சியில்தான் தொடங்குகிறேன்.

போன தை மாதம் சித்தப்பா இறந்துபோனார். டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த கடைசிச் சாம்பலைச் சுரண்டி அவர் நெற்றியில் மூன்று குறி நான்தான் பூசினேன். டப்பா இப்போது வெறுமை, மணமும் போய்விட்டது. மரண அறிவித்தல் எழுத உட்கார்ந்தபோது, எங்கள் வழக்கப்படி பிறப்பிடமும் வதிவிடமும் எழுதி, அதன் கீழே இன்னொரு வரி சேர்த்தேன். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டு அதை வாசித்தார். எண்பது தாண்டியும் அவருக்குப் பயம் போகவில்லை.

"வந்த வழியைப் போடாதை, பிள்ளை. ஆக்கள் கதைப்பினம்."

"வழியைப் போடேல்லை அப்பா. பார்த்த ஊரைத்தான் போட்டிருக்கிறன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, இன்னொருமுறை வாசித்தார், தாளை என்னிடமே தந்தார். அறிவித்தல் அப்படியே வந்தது: யாழ்ப்பாணம் அளவெட்டியைப் பிறப்பிடமாகவும், இத்தாலி பலெர்மோவை வதிவிடமாகவும் கொண்டவரும், சீனாவின் குவாங்சோ நகரைச் சுற்றிப் பார்த்தவருமான குகன் அவர்கள் காலமானார்.