பாலத்துக்கு அந்தப் பக்கத்து எண்

மார்லிஸ் டோலஃப்சன் முப்பத்தொரு வருஷமாக ஹால்வர் ஊரின் ஒரே பாரில் ஊற்றிக் கொடுக்கிறாள். யாருக்கு எத்தனையாவது கிளாஸில் குரல் உயரும், யார் மூன்றாவதில் அழுவார், யார் நாலாவதில் மைத்துனனைத் திட்டுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. "போதும், வீட்டுக்குப் போ" என்று அவள் சொன்னால் ஆறடி ஆளும் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். வெண்டலும் அப்படித்தான் கிளம்பினான். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை.

ஹால்வருக்கும் ரிப்னிக்குக்கும் நடுவில் ஓர் ஆறு, ஒரு பாலம், தீராத ஒரு பகை. ஹால்வரில் இருப்பவர்கள் நார்வேக்காரர்களின் பேரப்பிள்ளைகள், ரிப்னிக்கில் போலந்துக்காரர்களின் பேரப்பிள்ளைகள். பாட்டன்கள் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. பேரன்கள்தான், இரண்டு பள்ளிக்கூடத்தையும் ஒன்றாக்கி அந்தக் கட்டடத்தை ரிப்னிக் பக்கம் கொண்டுபோன வருஷத்திலிருந்து, முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் மது ஊற்றும் லைசென்ஸை அந்தந்த ஊர்ச்சபைதான் கொடுக்கும். ஆற்றைத் தாண்டினால் மார்லிஸின் லைசென்ஸ் மீன் பொட்டலம் கட்டத்தான் ஆகும். லைசென்ஸுக்கு முன்னால் ஒரு பயிற்சி உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கணினியைத் தட்டித் தேறிவிடலாம்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு நவம்பர் ஞாயிறு. டிவியில் கால்பந்து. மத்தியானத்திலிருந்து உட்கார்ந்திருந்த வெண்டல் ஐந்தாவது பிராந்தி கேட்டபோது, மார்லிஸ் அவனுடைய கிளாஸை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"அவ்வளவுதான் வெண்டல். ஆர்டிஸ் சாப்பாடு வெச்சுக் காத்திருப்பா."

"நீ ஊத்தலேன்னா உலகம் நின்னுடுமா? பாலத்துக்கு அந்தப் பக்கம் லைல் இருக்கான். அவனுக்கும் ரெண்டு கை இருக்கு."

"போ போ. அவன் கழுவாத கிளாஸ்ல குடிச்சு வயித்தால போய்ட்டு வா."

வெண்டல் சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து டிவியில் ஏதோ நடக்க, பார் முழுக்கக் கத்தியது. இந்தப் பேச்சு யார் காதிலும் விழவில்லை. லைல் கோபிட்ஸ்கியின் பாருடைய போன் எண் காலண்டருக்கு அடியில் சுவரில் பென்சிலால் எழுதியிருந்தது. டெலிபோன் இரண்டு எட்டில் இருந்தது. ரிப்னிக் ஊர்க்காரனுக்கு நாம் போய் போன் பண்ணுவதா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு யாரோ பீர் கேட்டார்கள்.

லைல் இரண்டு ஊற்றினான். பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்த வெண்டல், பாலத்துத் திருப்பத்தில் வண்டியைத் திருப்பவில்லை; நேரே ஆற்றுக்குள் போனான். ஆறு உறைய இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ஹால்வர் முழுக்க மார்லிஸைப் புகழ்ந்தது. "நம்மாளு மறுத்தா, அந்த ஊர்க்காரன் ஊத்திக் கொன்னான்" என்பதுதான் ஆறு வருஷமாகப் பேச்சு. எல்லோரையும்விட அதிகமாகச் சொன்னவள் வெண்டலின் மனைவி ஆர்டிஸ். பள்ளிக்கூடத்திலிருந்தே இவளுடைய சிநேகிதி. வெண்டல் போன பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் ஐந்து மணிக்கு மீன் சாப்பிட வருவாள். ஓரத்து ஸ்டூல், ஒரே ஒரு பிராந்தி. வால் முறுகலாக வெந்த துண்டை மார்லிஸ் அவளுக்கென்று எடுத்து வைப்பாள்.

"அவன்மேல அக்கறைப்பட்டவ நீ ஒருத்திதான்டி," என்பாள் ஆர்டிஸ், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் மார்லிஸுக்கு உள்ளே எதுவோ அறுபடும். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பாள். "முட்டைக்கோஸ் இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றுதான் வரும்.

சொல்ல முடியாததற்குப் பதிலாக அவள் வேறொன்று செய்தாள். இரண்டு ஊருக்கும் ஒரே பயிற்சி, ஒரே லைசென்ஸ், ஒருத்தருக்கு மறுத்தால் அடுத்த பாருக்கு உடனே போன் பண்ண வேண்டும் என்று ஒரு விதி. இதை எழுதி எடுத்துக்கொண்டு இரண்டு ஊர்ச்சபைக்கும் நடையாய் நடந்தாள். முதல் வருஷம், காகிதத்தில் எந்த ஊர் பெயர் முன்னால் வருவது என்று சண்டை. அடுத்த வருஷம், வகுப்பு எங்கள் தீயணைப்புக் கூடத்திலா அவர்கள் மாதா கோயில் அடித்தளத்திலா என்று சண்டை. உறவுக்காரி ஒருத்தி கேட்டேவிட்டாள்: "உனக்கென்ன பைத்தியமா மார்லிஸ்? தப்புப் பண்ணவன் பேசாம இருக்கான், நீ ஏன் அலையற?"

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு சபையும் ஹால்வர் தீயணைப்புக் கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்தன. காபி ஆறிக்கொண்டிருந்தது. ரிப்னிக் சபைக்காரர்கள் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள். "போட்டா எங்க லைல்தான் கொன்னான்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

லைல் எழுந்தான். அறுபது வயது, பெருத்த உடம்பு, கையில் தொப்பி.

"தள்ளாடாமத்தான் உள்ள வந்தான். இன்னிக்கு இதுதான் முதல்னு சொன்னான். ரெண்டு ஊத்தினேன். இந்தப் பக்கம் நாலு குடிச்சுட்டு வந்தான்னு எனக்கு யார் சொன்னா? சொல்லுங்க. யார் சொன்னா?"

மூன்றாவது வரிசையில் ஆர்டிஸ் அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். விதி இன்று தோற்றால் இனி வராது என்பது மார்லிஸுக்குத் தெரியும். எழுந்து நின்றால் என்ன போகும் என்பதும் தெரியும். எழுந்தாள்.

"நான் சொல்லியிருக்கணும் லைல். உன்கிட்டத்தான் வர்றான்னு எனக்குத் தெரியும். என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான். உன் நம்பர் என் சுவத்துல இருந்துச்சு. நான் போன் பண்ணல." ஆர்டிஸ் பக்கம் திரும்பினாள். "கேலி பண்ணி அனுப்பி வெச்சேன்."

லைல் உட்கார்ந்து தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். ஆறு வருஷமாகச் சுமந்ததில் பாதியை ஒருத்தி வந்து வாங்கிக்கொண்டால் வேறென்ன செய்வான்? ஆர்டிஸ் கோட்டு ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். அதன் பிறகு நடந்த ஓட்டெடுப்பில் ஒருவரைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். விதி வந்துவிட்டது. மார்லிஸ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஓரத்து ஸ்டூலுக்கு யாரும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மார்லிஸ் முறுகலான துண்டைத் தனியே எடுத்து வைத்து, ஏழு மணிக்கு அதைக் குப்பையில் போடுவாள். ஆர்டிஸ் வீட்டுக்கு இரண்டு முறை போனாள். ஜன்னல் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. அழுகை வந்தால் அழுதுவிடலாம், அதுவும் வரவில்லை. ஏப்ரலில் முதல் வகுப்பை அவளையே எடுக்கச் சொன்னார்கள். லைல் முன்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் எழுதிக்கொண்டான். இரண்டு பாரிலும் டெலிபோனுக்கு மேலே ஒரே மாதிரி அட்டை ஏறியது, அதில் பெரிய எழுத்தில் எதிர்க்கரை எண்.

அந்த எண்ணிலிருந்து முதல் அழைப்பு அக்டோபரில் வந்தது. வெள்ளிக்கிழமை, ஆறு மணி இருக்கும்.

"மார்லிஸ், நான் லைல். ஆர்டிஸ் இங்க வந்திருந்தா."

"அங்கயா? உன் கடைக்கா?"

"ரெண்டு மாசமா வர்றா. வழக்கமா ஒண்ணு குடிச்சுட்டு, என்னை ஒரு முறை முறைச்சுட்டுப் போயிடுவா. இன்னிக்கு மூணு. நாலாவது கேட்டா, மாட்டேன்னுட்டேன். சாவியக் குடுன்னேன், குடுக்கல. கிளம்பிட்டாம்மா. பாலத்துப் பக்கம்தான் வர்றா."

எண்ணெயில் மீன் வெந்துகொண்டிருந்தது. "இதை யாராவது பாத்துக்குங்க" என்று பொதுவாகக் கத்திவிட்டு, ஏப்ரனோடு வெளியே ஓடினாள். ஐம்பத்தெட்டு வயதில் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. திருப்பத்துக்குப் போய் நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். பாலத்தின்மேல் கார் விளக்கு வெளிச்சம் அலைந்து அலைந்து வந்தது. மார்லிஸ் விலகவில்லை. கார் அவளுக்கு ஒரு முழத்தில் வந்து நின்றது.

ஆர்டிஸ் கண்ணாடியை இறக்கினாள். முகம் வீங்கியிருந்தது. எட்டு மாசத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

"அன்னிக்கும் இப்படி வந்து நின்னிருக்கலாமில்ல?"

"நின்னிருக்கலாம் ஆர்டிஸ்."

ஆர்டிஸ் என்ஜினை நிறுத்தினாள். பிறகு சாவியை உருவி அவள் உள்ளங்கையில் வைத்தாள். பக்கத்து இருக்கையில் ஏறிக்கொள்ளும்படி மார்லிஸ் சொன்னதற்குத் தலையசைத்து மறுத்துவிட்டு, கோட்டைச் சுற்றிக்கொண்டு ரோட்டோரமாக வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

மார்லிஸ் காரில் ஏறி, அவள் காலடிக்கு வெளிச்சம் விழும்படி விளக்கைப் போட்டுக்கொண்டு, பின்னாலேயே நடை வேகத்தில் ஓட்டிப் போனாள். வீடு ஒரு மைல். அது வரை ஆர்டிஸ் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.