பாதி மீசைப் பந்தயம்

லண்டனில் நான் குடியிருக்கும் தெருவில், மீன் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே ஒரு பந்தயக் கடை இருக்கிறது. சட்டம் இதற்கு அனுமதி கொடுத்து இரண்டு வருடம்தான் ஆகிறது. காலையில் கூடையோடு வரும் கிழவிகள், முட்டைக்கோஸ் வாங்கிய கையோடு ஏதாவதொரு குதிரையின் மேலும் கட்டிவிட்டுப் போகிறார்கள். குதிரை மட்டுமில்லை, கிறிஸ்துமஸ் அன்று பனி விழுமா விழாதா என்றுகூடக் கட்டலாம். உள்ளே உட்கார நாற்காலி கிடையாது. உட்கார்ந்து கட்டினால் சூதாட்டம், நின்றுகொண்டு கட்டினால் விளையாட்டு என்று சட்டம் செய்த பெரியவர்கள் ஆராய்ந்து கண்டிருக்க வேண்டும்.

இதே காரியத்தை எங்கள் ஊரான மேலகரத்தில் டீக்கடை வாசலில் நாங்கள் செய்தபோது எங்களுக்கு வெட்டிப் பயல்கள் என்று பெயர். சுரண்டைக்கும் கடையத்துக்கும் சடுகுடு நடந்தால் பந்தயம். செங்கோட்டை பஸ் மூச்சு வாங்கி வழியில் நிற்குமா நிற்காதா என்று பந்தயம். சாரல் தொடங்கிவிட்டால் எல்லாவற்றிலும் பெரிய பந்தயம்: குற்றாலம் பேரருவியின் முன்னால் வளைவாகக் கட்டியிருக்கும் ஆர்ச்சைத் தண்ணீர் என்றைக்குத் தொடும்? தொட்டுவிட்டால் வெள்ளம் என்று பொருள், யாரையும் குளிக்க விடமாட்டார்கள். கட்டுவதற்கு யாரிடமும் காசு இல்லாததால் மீசையைக் கட்டினோம். தோற்றவன் பாதியை எடுக்க வேண்டும். முடிவு தெரியும்வரை ஒவ்வொருவனும் ராஜாதான். மேகத்தை அண்ணாந்து பார்த்தபடி, உலகமே தன்னைக் கேட்டுத்தான் நடக்கிறது என்ற நினைப்பில் திரிவான். அந்தச் சுகத்தை எந்தக் குதிரையும் இதுவரை எனக்குக் கொடுக்கவில்லை.

ஐம்பத்தெட்டில் நான் புறப்படுவதற்கு முந்தின நாளும் அதே வாசலில்தான் நின்றோம். என் கூட்டாளி மைதீன் தறி நெய்பவன். மேகத்தின் நிறத்தைப் பார்த்தே மழையைச் சொல்லுவான். அன்று என் முகத்தைப் பார்த்தான்.

"போனவன் எவன்லே திரும்பி வந்தான்? நீயும் வரமாட்ட."

"அஞ்சாவது சீசன்ல தண்ணி ஆர்ச்சைத் தொடுததுக்குள்ள வந்துருதேன். வரலன்னா மீசைய எடுத்துருதேன்."

"முழுசா எடுத்தா அங்கன ஒருத்தனும் கண்டுக்கிட மாட்டான். பாதிய எடு. நீ வந்துட்டா நான் பாதிய எடுக்கேன்."

கடைக்கார அண்ணாச்சி சாட்சி. "ரெண்டு பேரு மீசைக்கும் நான் பொறுப்புல்லா," என்றார்.

இங்கே பந்தயக் கடைக்குள் முதன்முதலாக நுழைந்த அன்று, சீட்டில் ஒரு குதிரையின் பெயரை எழுதி நீட்டினேன். கண்ணாடிக்கூண்டுக்குள் இருந்த குமாஸ்தா "ஈச் வே?" என்றான். இந்த நாட்டில் என்னிடம் பேச்சுக் கொடுக்கிற எல்லோரும் எப்போது ஊருக்குத் திரும்புகிறாய் என்று மிகுந்த அக்கறையோடு விசாரிப்பது வழக்கம். இவனும் அதைத்தான் கேட்கிறான் என்று எண்ணி, "நோ, நோ, ஒன் வே டிக்கெட்," என்றேன். "வெரி குட், சார்," என்றான். குதிரையும் ஒன் வேயாகவே போனது, இன்னும் வந்து சேரவில்லை. குதிரை ஜெயித்தாலும் பணம், இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்தாலும் கொஞ்சம் பணம் என்று இரண்டு பக்கமும் கட்டுவதற்குத்தான் ஈச் வே என்று பெயராம். அப்படியும் ஒரு ஆண்பிள்ளை கட்டுவானா என்று சிரித்தேன்.

ஊருக்குப் போகக் கப்பலில் மூன்று வாரம். ரொட்டித் தொழிற்சாலையில் எனக்கு லீவு இரண்டு வாரம். கணக்கில் புலியான நான், கரையே தெரியாத நடுக்கடலில் லீவு முடிந்துவிடும் என்பதை எளிதில் கண்டுபிடித்தேன். வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். விட மனம் வரவில்லை, அதுதான் உண்மை. வருடம் ஐந்து ஓடிவிட்டது.

போன மாதம் மைதீனின் கடிதம் வந்தது. "திங்கக்கெழம தண்ணி ஆர்ச்சைத் தொட்டுட்டு. நீ தோத்துட்டலே. நான் ஜெயிச்சு என்ன செய்ய? நீ வந்து என்னைத் தோக்கடிப்பன்னுல்லா கட்டினேன். அஞ்சு வருசமா மீசைய எண்ணெய் போட்டு வளத்தேன், நீ வந்த அன்னைக்கு எடுக்கதுக்கு."

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அழுதேன். பிறகு கண்ணாடி முன் நின்று இடது பக்க மீசையை எடுத்தேன். அந்தப் பக்கம் இந்த ஊர்க்காரன் ஒருவன் நின்றான். வலது பக்கம் மேலகரத்துக்காரன் அவனை முறைத்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தோடேயே போட்டோ எடுத்து மைதீனுக்கு அனுப்பினேன். தொழிற்சாலையில் மேஸ்திரி என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, இன்று மழை வரும் போலிருக்கிறது என்றார். நாகரிகம் என்றால் இதுதான்.

திரும்பும் வழியில் பந்தயக் கடைக்குப் போனேன். குதிரையின் பெயரை எழுதிச் சீட்டை நீட்டினேன். குமாஸ்தா என் முகத்தை வலமிருந்து இடமாக ஒருமுறை பார்த்தான்.

"ஈச் வே?" என்றான்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.