முனவ்வர் பேகத்தின் அவரை விதை

செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் என் அத்தை சவுரியம்மாள் ஒரு விரலை அதில் நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பாள். குடத்துத் தண்ணீரானாலும் சரி, பாலாற்று ஊற்றில் அப்போதுதான் மொண்டுவந்த தண்ணீரானாலும் சரி. விருந்துக்குப் போன வீட்டில் யாராவது துளசிக்கோ முருங்கைக்கோ நீர் விட்டால்கூட, எழுந்து போய் ருசி பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல், இரண்டு வருஷத்துக்கு முன் அவள் இறக்கும்வரை, இந்தப் பழக்கம் மாறவில்லை.

இதன் காரணத்தை நான் அவளிடம் கேட்டதில்லை. அவள் மகள் ஆரோக்கியமேரிதான் சொன்னாள், அதுவும் சிரித்துக்கொண்டே. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக பி.ஏ. தேறியவன் என்பதால் என்னை எழுதச் சொல்கிறார்கள். பெரிய மனிதர்களின் சரித்திரம் எப்படித் தொடங்கவேண்டும் என்று படித்திருக்கிறேன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் கூலிக்குப் போய், மிச்ச நேரத்தில் கொல்லையில் அவரை வளர்த்த ஒருத்தியின் சரித்திரம் எங்கே தொடங்கும் என்று தெரியவில்லை. கொல்லையிலேயே தொடங்குகிறேன்.

அத்தைக்கு அந்தக் கொல்லை பொழுதுபோக்கு அல்ல. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தோல் காயாது. தோல் காயாவிட்டால் ஷாப்பில் வேலை இல்லை, கூலியும் இல்லை. கணவனை இழந்து, கைக்குழந்தையோடு இருந்தவள் அவள். அந்த இரண்டு மாதமும் அடுப்பில் ஏறுவது கொல்லையில் காய்த்ததுதான்.

அதனால் வருஷம் முழுக்க அவளுக்கு மழைக்கால நினைப்புத்தான். சித்திரையில் குழி வெட்டி, வெட்டிய மண்ணையும் குழியையும் வெயிலில் நன்றாகக் காயவிடுவாள். பூச்சி முட்டை செத்துப்போகும். ஆடியில் பீர்க்கும் பூசணியும் அவரையும் போடுவாள். மழை பிடித்ததும் வேரடியில் நீர் தேங்காதபடி மண் அணைத்து மேடாக்குவாள். மார்கழியில் அவரைப் பூவில் செடிப்பேன் அப்பினால் விடியும்போதே சாம்பல் தூவுவாள். பனி ஈரத்தில் தூவினால்தான் சாம்பல் ஒட்டும், வெயில் ஏறினால் உதிர்ந்துவிடும். பங்குனியில் எதுவும் தாங்காது. துணி துவைக்கும் கல் ஓரம் நிழலில் ஒரு பாத்தி கீரை மட்டும்.

குழிக்கு எரு வேண்டும். மாடு இல்லாத வீடு. ஷாப்பில் சுரண்டிப் போடும் தோல்மயிரைக் கூடையில் கொண்டுவந்து, ஒரு மழைக்காலம் முழுக்க நனையவிட்டு, மயிர் கழலப் போட்ட சுண்ணாம்பு கரைந்து போன பிறகுதான் குழியில் போடுவார்கள். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான். நான் பிறப்பதற்கு முந்திய வருஷம் அத்தைக்கு அந்த மயிர் போதவில்லை. பின்சுவருக்கு அந்தப்பக்கம் அப்துல் கஃபார் சாயபுவின் தோல் மண்டி. பச்சைத்தோல் வந்து இறங்கும் இடம். அங்கே பெருக்கிக் குவித்த குப்பை கறுப்பாக, பொலபொலவென்று, பழைய எருவைப் போலவே இருந்தது. கேட்டாள், அள்ளிக்கொள்ளச் சொன்னார்கள். எல்லாக் குழியிலும் கொட்டினாள்.

ஆடியில் போட்ட விதை முளைத்தது. இரண்டு இலை விட்டதும் ஓரம் கருகியது. சீக்கு என்று நினைத்துச் சாம்பல் போட்டாள். கிணற்றுத் தண்ணீரை வாரி வாரி ஊற்றினாள். ஆவணி பிறக்கும்போது பந்தலில் கயிறு மட்டும் தொங்கியது. கையில் இருந்த விதை அத்தனையும் ஒரே மூச்சில் போட்டிருந்தாள். பாதியை வைத்திருக்கவேண்டும் என்பது தெரிந்தவள்தான். அந்த வருஷம் ஆசைப்பட்டுவிட்டாள்.

கோஷாவில் இருந்த சாயபு வீட்டம்மா முனவ்வர் பேகம் தெருவுக்கு வருவதில்லை. பின்சுவர்தான் அவருக்குத் தெரு. அன்று சுவருக்கு மேல் தலை தெரிந்தது.

"இன்னா சவுரி, உன் பந்தல்ல காக்காகூட உக்காரமாட்டேங்குது?"

"சீக்கு வந்துடுச்சு பேகம்மா. இன்னா பண்ணாலும் கருகிப்போவுது."

"குழியில இன்னா போட்டே?"

"உங்க மண்டிக் குப்பைதான்."

பேகம் சிரித்த சிரிப்பில் குழந்தை மேரி விழித்து அழுததாம். "அடிப் பைத்தியமே! தோலுக்குப் போட்ட உப்பெல்லாம் உதிர்ற எடம் அது! நீ செடி வெச்சியா, ஊறுகா போட்டியா?"

அத்தை ஓடிப்போய்க் கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது. குடிக்கப் பாலாற்று ஊற்றுத் தண்ணீர்தான், அதனால் அதுவரை தெரியவில்லை. குழிகளை ஒட்டியிருந்த கிணறு. ஆடி மழையில் உப்பு அதிலும் இறங்கியிருந்தது. உப்பைப் போட்டதும் அவள்தான், உப்பு நீரை ஊற்றியதும் அவள்தான். அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள்.

சற்று நேரத்தில் சுவருக்கு மேல் ஒரு கை நீண்டது. கை நிறைய அவரை விதை. கறுப்பு விதை, வெள்ளை மூக்கு.

"எங்கம்மா வீட்டு விதை, மேல்விஷாரத்துது. காய் ஓரம் செவப்பா இருக்கும். இன்னும் நாள் போவல. ஆவணியில போட்டாலும் அவரை மார்கழிப் பனியிலதான் பூக்கும். கொடிதான் குட்டை."

"ரெண்டு பங்கா குடுத்துடறேன் பேகம்மா."

"உன் கொடியில முத்துனதுதான் வேணும். சந்தையில வாங்கிக் குடுத்தே, மூஞ்சியில வீசுவேன்."

"தண்ணிக்கு இன்னா பண்ணுவேன்?"

"எங்க கிணறு இல்ல? தண்ணிக்குக் கணக்கு கெடையாதுடி. விதைக்குத்தான் கணக்கு."

அத்தை குழி மண்ணை எல்லாம் தோண்டித் தெருக்கோடியில் கொட்டினாள். ஏரி வண்டல் சுமந்துவந்து நிரப்பினாள். சுவர் வழியாகக் குடம் குடமாக நல்ல தண்ணீர் வந்தது. அந்த மழைக்காலத்தில் கேழ்வரகுக் கூழும் பின்சுவர் வழியாக வந்த குழம்புமாக ஓட்டினார்கள். பேகம் சொன்னபடி மார்கழியில் பூத்தது. தையில் ஓரம் சிவந்த பிஞ்சுகள் சரம் சரமாகத் தொங்கின. அடிக்கொத்துகளைப் பறிக்காமல் விதைக்கு விட்டாள்.

அந்தத் தையில்தான் சாயபு மண்டியைப் பெரிசாக்கினார். பேகம் தன் கொல்லையில் போட்டிருந்த அவரைப் பந்தலை விதைக்குக்கூட விடாமல் பிடுங்கி எறிந்து அந்த இடத்தில் கொட்டகை போட்டார்கள். மாதம் முடிவதற்குள் குடும்பத்தைச் சென்னைக்குக் கொண்டுபோனார். வண்டி ஏறும் முன் பேகம் சுவரருகே வந்தார்.

"முத்திடுச்சா?"

அத்தை ஒரு காயைப் பிளந்து காட்டினாள். உள்ளே விதை பச்சையாக இருந்தது. இன்னும் ஒரு மாதம் கொடியில் நிற்கவேண்டும்.

"எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல சவுரி. மறந்துடாதே."

மாசியில் காய் வற்றியது. சாம்பல் கலந்து துணியில் முடிந்துவைத்து, ரயில் கூலி சேர்ந்த பிறகு, அடுத்த வருஷம் சென்னையில் தோல் வியாபாரிகள் இருக்கும் பெரியமேட்டுக்குப் போனாள். அதற்குள் வியாபாரம் நொடித்து, ஆம்பூர் மண்டியும் கைமாறி, அவர்கள் பெங்களூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். பெங்களூரில் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. முடிச்சோடு திரும்பிவந்தாள்.

தெருவில் சிலர், "அவங்க குப்பையாலதானே உன் தோட்டம் போச்சு, அதுக்கு இது சரியாப்போச்சு" என்றார்கள். அத்தை ஒப்பவில்லை. "குப்பையைக் கேட்டு வாங்கினது நானு" என்பாள்.

அவரை விதை ஒன்றிரண்டு வருஷத்துக்குமேல் தாங்காது, வண்டு துளைத்துவிடும். அதனால் ஒவ்வோர் ஆடியிலும் அந்த விதையை மட்டும் தனிப் பந்தலில் போட்டு, மாசியில் புது விதை எடுத்து, ஒரு சுரைக்குடுக்கையில் வைத்துவிடுவாள். "பேகம்மா பங்கு" என்று அதற்குப் பெயர். காயை நாங்கள் தின்றோம். குடுக்கையைத் தொடக்கூடாது.

நான் சென்னையில் படித்தபோது பெரியமேட்டில் விசாரித்தேன். விடுமுறையில் பெங்களூருக்கும் ஒருமுறை போனேன். அந்தப் பெயரில் பல சாயபுகள் இருந்தார்கள். ஆம்பூர்ச் சுவரை நினைவு வைத்திருந்தவர் யாரும் இல்லை. படித்தவன் தேடினால் கிடைப்பார் என்று அத்தை நம்பினாள். ஒவ்வொரு முறையும் நான் படி ஏறும்போதே முகத்தைப் பார்ப்பாள், பிறகு சாப்பிடக் கூப்பிடுவாள்.

அத்தை இல்லாத போன ஆடியிலும் நானும் மேரியும் விதைத்தோம். ஊற்றுவதற்கு முன் மேரி விரலை நனைத்து நாக்கில் வைத்தாள், நானும் வைத்தேன். இந்த மாசியில் எடுத்த விதை குடுக்கையில் இருக்கிறது. இரண்டு கை. அது எங்களுடையது அல்ல.