ஹெவிக்கு யார் சோடி?

போன வாரம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மகன் சோற்றுத் தட்டை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டுக் கைப்பேசியில் யாரோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். எங்கோ வெளிநாட்டில் நடக்கப்போகிற கிக் பொக்சிங் போட்டியாம். ஹெவிவெயிட் பிரிவில் மலை மாதிரி ஓர் ஆளுக்கு, வயது போன ஒருவரைச் சோடியாகப் போட்டுவிட்டார்களாம். "நல்லா ஏமாத்துறாங்க மாமா" என்று சொல்லி, மற்ற ரசிகர்கள் எழுதியதை எனக்கும் காட்டினான். அந்தச் சோடியைப் போட்டவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குக் கீழே ஆயிரம் பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். அந்த வசனத்தை, ஏறக்குறைய அதே சொற்களில், நாற்பது வருஷத்துக்கு முன் இலங்கை மலையகத்தில், ஹட்டனில், நான் எழுதியிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துத் தங்கை முழங்காலுக்கு யூகலிப்டஸ் தைலம் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். இனி என்னைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. அந்த வாசனை வந்தால் எனக்கு டவுனுக்குப் பின்னால் இருந்த தகர மண்டபம் வந்துவிடும். ஈரச் சாக்கு, பீடிப் புகை, நனைந்த கம்பளிக் கோட்டு, எல்லாவற்றுக்கும் மேலே இந்தத் தைலம். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அங்கேதான் சண்டை நடக்கும். கராத்தே படங்கள் வந்து எங்கள் பக்கத்து இளவட்டங்களெல்லாம் சுவரை உதைத்துக் காலை நொண்டிக்கொண்டு திரிந்த காலம் அது. குத்தும் உதையும் கலந்த சண்டைக்கு நோட்டீஸில் 'கிக் பொக்சிங்' என்று போடுவார்கள். நாங்கள் சொன்னது 'ஒதை பொக்சிங்'. சண்டை போடுகிறவர்களுக்குச் சம்பளம் உண்டு என்பதால் அதை நாங்கள் பெரிய விஷயமாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர். என் உடம்பைப் பற்றி உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: காற்றடித்தால் குடை என்னைத் தூக்கிக்கொண்டு போகும். வாழ்க்கையில் ஒருவனையும் நான் அடித்ததில்லை. ஆனால் சண்டையைப் பற்றி என்னளவுக்குத் தெரிந்தவன் ஹட்டனில் கிடையாது என்ற நினைப்பு இருந்தது. கையெழுத்து வேறு அழகாக இருக்கும். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் ஒரு பெரிய தாளில் விமர்சனம் எழுதி, ஹனீபா நானாவின் தேத்தண்ணிக் கடைச் சுவரில் ஒட்டுவேன். திட்டுகிற வரிகளுக்கு மட்டும் சிவப்பு மை. போகப் போகத் தாளில் சிவப்புதான் கூடிக்கொண்டு வந்தது. ஆட்களும் அதைத்தான் தேடி வாசித்தார்கள்.

அந்தச் சிவப்பு மையில் முக்கால்வாசியைக் குடித்தவர் மரியதாஸ். தையல்காரர். சண்டைக்காரர்களுக்குக் காற்சட்டை தைத்துக் கொடுக்கப் போய், யாருக்கு என்ன உடம்பு என்று தெரிந்திருந்ததால், யாரோடு யாரை மோதவிடுவது என்று முடிவு செய்கிற வேலையும் அவரிடம் வந்துவிட்டது. சோடி மரியதாஸ் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்வதில்லை.

எங்களுக்கு ஒரே ஒரு ஹெவிதான் இருந்தார். டயகம அந்தோனி. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. வாசலில் நின்றால் உள்ளே வெளிச்சம் வராது, அப்படி ஓர் ஆள். அவர் தோற்றதே இல்லை. எங்கள் கோபமே அதுதான். மரியதாஸ் அவருக்குப் பிடித்துக்கொண்டு வருகிற ஆட்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒருவன் குள்ளம், ஒருவன் சோம்பேறி, ஒருவனுக்குத் தொந்தி. அந்தோனி இரண்டு தட்டுத் தட்டினால் போய் உட்கார்ந்துவிடுவார்கள். வலப்பனையில் ஜினதாச என்று ஒருவர் இருந்தார். மரக்கறி லொறிக்கு மூட்டை ஏற்றுகிறவர். அந்தோனிக்குச் சமமான உடம்பு, இடது காலால் உதைத்தால் மண்டபமே அதிரும். அவரை மட்டும் மரியதாஸ் அந்தோனிக்குப் போடமாட்டார். ஏன் என்று கேட்டால், "அது சரிவராது" என்பார். வேறு பேச்சில்லை.

நாங்கள் விட்டோமா? பஸ்ஸில், சலூனில், மாதா கோயில் வாசலில், எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. மரியதாஸ் யாரிடமோ காசுக்குக் கை நீட்டிவிட்டார் என்றார்கள். அவருடைய மனைவி சந்தைக்குப் போனால் பின்னால் நின்று விசிலடித்தார்கள். இன்னொரு விஷமும் சேர்ந்தது. அந்தோனி தமிழர், ஜினதாச சிங்களவர். அதுவரை டயகம ஆள், வலப்பனை ஆள் என்றிருந்த பேச்சு, மெல்ல மெல்ல நம்ம ஆள், அவங்க ஆள் என்று மாறியது. அந்த நெருப்புக்கு நான் எழுதியது நல்ல விறகு. சோடி போடுகிறவரைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று ஒரு வாரம் எழுதினேன். அடுத்த வாரம் அந்தோனியையே பிடித்தேன். தொழிற்சாலையில் தேயிலைக் கொழுந்தை அரைப்பவருக்கு எதிரிலும் கொழுந்துதான் வேண்டுமாம், முற்றிய இலையைக் கண்டால் நடுக்கமாம். முழுக்கச் சிவப்பு மை. ஹனீபா நானா அதை வாசித்துவிட்டு, இது வேணாம் மாஸ்டர், கிழிச்சிடுங்க என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. கிழிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் கடையில் இருக்கும்போது அந்தோனி வந்தார். அவர் சுவருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"மாஸ்டர், எனக்கு வாசிக்க வராது. நீங்க எழுதுனத ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க."

நான் வாசித்தேன். என் வீரத்தையெல்லாம் அந்தக் கடைக்குள் அன்று கேட்டிருக்க வேண்டும் நீங்கள். குரல் பூனைக்குட்டி மாதிரி வந்தது. கொழுந்து என்ற இடத்தில் பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். முடிந்ததும் அந்தோனி தலையை ஆட்டினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார்.

நேரே மரியதாஸின் கடைக்குப் போய், ஜினதாசவைப் போடுங்கள், இல்லையென்றால் இனி நான் மேடை ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டார். மரியதாஸ் கெஞ்சியதாகவும், தையல் மேசையில் தலையை வைத்துக்கொண்டதாகவும் பார்த்தவர்கள் சொன்னார்கள். நாங்கள் அதையும் சொல்லிச் சிரித்தோம். நோட்டீஸ் அடித்தார்கள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துப் புதுச் சப்பாத்து வாங்கினேன்.

சண்டையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மண்டபத்தில் மூச்சுவிட இடமில்லை, ஒரு பக்கம் தமிழில் வசை, ஒரு பக்கம் சிங்களத்தில் வசை. முதல் சுற்று எப்படியோ போனது. இரண்டாவதில் ஜினதாச இடது காலைத் தூக்கினார். எல்லோருக்கும் தெரிந்த உதை. மேலே தகரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தவர்களுக்குக்கூட அது வருவது தெரிந்தது. அந்தோனி மட்டும் கையைத் தூக்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் விழுந்த பிறகு ஜினதாச கையை உயர்த்தவில்லை. குனிந்து அந்தோனியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாங்கள் கத்திக்கொண்டிருந்தோம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் போனேன் என்றால், அடுத்த தாளுக்கு விஷயம் வேண்டும். உண்மை அதுதான். வார்டுக்கு வெளியே வாங்கில் ஜினதாச உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பை தோடம்பழம். உள்ளே போகக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உடைந்த தமிழில் சொன்னார்:

"மாத்தயா, அவருக்கு இந்தப் பக்கம் கண்ணு இல்ல. நான் அடிச்சது அவரு பாக்கவே இல்ல."

தன் வலது கண்ணை ஒரு கையால் பொத்திக் காட்டினார்.

மிச்சத்தை மரியதாஸ் சொன்னார். அவர் வாசல் படியில் நின்றுகொண்டிருந்தார். தொழிற்சாலைக்கு மாறுவதற்கு முன், கவ்வாத்து மலையில் தேயிலைச் செடி வெட்டும்போது குச்சி ஒன்று தெறித்து அந்தோனியின் வலது கண்ணில் பட்டிருக்கிறது. வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. உள்ளே பார்வை போய்விட்டது. வெளியே சொன்னால் சண்டை போட விடமாட்டார்கள். ஆறு நாளும் தொழிற்சாலையில் ஏச்சு வாங்குகிற மனிதருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் இருந்தது. காற்சட்டைக்கு அளவெடுக்கும்போது மரியதாஸ் அதைக் கண்டுபிடித்தார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். வலது காலால் உதைக்கிறவனின் உதை எதிராளியின் இடது பக்கத்தில்தான் விழும். அந்தப் பக்கம் அந்தோனிக்குக் கண் இருந்தது. அதனால் வலது கால்காரர்களாகத் தேடித் தேடிப் பிடித்தார் மரியதாஸ். குள்ளன், சோம்பேறி, தொந்திக்காரன், மூவரும் வலது கால். நான் எத்தனை தாள் எழுதினேன், இதைக் கவனிக்கவில்லை.

"அந்தோனிக்குக் குடுத்த வாக்குக்காக நான் வாயத் தொறக்கல மாஸ்டர்" என்றார் மரியதாஸ். "ஒங்களுக்கு வாய மூட என்ன கஷ்டம்?"

அந்த வாரமே ரசிகர்கள் மறுபடி கூடினார்கள். கண் தெரியாதவரைப் போய் ஜினதாசவோடு மோதவிட்டவன் மனிதனா என்று கேட்டார்கள். அதே வாய்கள்தான். மரியதாஸின் கடைக் கதவில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள், கண்ணாடியை உடைத்தார்கள். என்னிடம் வந்து, நல்லா நாலு வரி எழுதுங்க மாஸ்டர் என்றார்கள். அந்தச் சண்டையைக் கேட்டது நாம்தான், முதல் ஆள் நான்தான் என்று எழுதியிருக்கலாம். மேசையில் தாளை விரித்தேன், பேனாவைத் திறந்தேன். பயமாக இருந்தது. தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் எழுதவே இல்லை. அதையும் சிலர் என் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்தோனிக்கு உதை விழுந்த வலது காது போய்விட்டது. நின்றால் தலை சுற்றும். தொழிற்சாலையில் மெஷினுக்குப் பக்கத்தில் விடமாட்டோம் என்றார்கள். தோட்டத்துத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தத்தில் அவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்து இரண்டு வருஷமாகப் பெட்டியில் கிடந்தது. போகவே மாட்டேன் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர், கிளம்பிவிட்டார்.

அவர்கள் போகிற கோச்சி ஹட்டனில் நிற்கும் என்று தெரிந்து ஸ்டேஷனுக்குப் போனேன். சொல்வதற்கு இரண்டு வசனம் பாடம் பண்ணி வைத்திருந்தேன். கோச்சி முழுக்க அழுகை. ஒரு ஜன்னலில் அந்தோனி இருந்தார், வலது பக்கம் மேடையைப் பார்க்க. நான் கை எட்டும் தூரத்தில் நின்றேன். அவருக்கு நான் தெரியவில்லை. எதிரே இருந்த அவர் மனைவி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார், அவரிடம் சொல்லவில்லை. நானும் கூப்பிடவில்லை. கார்ட் விசிலடித்தார்.

எண்பத்துமூன்றில் கலவரம் வந்தபோது மரியதாஸின் கடை எரிந்தது. அவர் கொழும்புப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். தகர மண்டபத்தைப் பிரித்து விற்றார்கள். அந்த இடத்தில் இப்போது மூன்று மாடி. ஜினதாச மறுபடி மேடை ஏறவேயில்லை என்று வலப்பனை ஆட்கள் சொன்னார்கள். தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் போன கப்பலும் நின்றது. போனவர்களிடமிருந்து வந்துகொண்டிருந்த கடிதங்கள் குறைந்து, பிறகு இல்லாமல் போயின. சில வருஷங்களுக்கு முன் டயகமவுக்குப் போய் விசாரித்தேன். அந்தோனி இருந்த லயத்து வீட்டில் மூன்று குடும்பங்கள் மாறிவிட்டன. அவருடைய விலாசம் யாரிடமும் இல்லை. அப்படி ஒருவர் அங்கே இருந்தார் என்று சொன்னதற்கு, எந்த அந்தோனி என்று கேட்டார்கள்.