அட்டவணையில் இல்லாத ஈரக் கை

என் மகளைத் திருடி என்றார்கள். அந்தச் சொல்லுக்கு வழி செய்த அட்டவணையைத் தயாரித்தவள் நான்தான்.

பொன்னேரியில் ஓர் இறால் கொள்முதல் நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பழவேற்காட்டுக் கரையில் எங்களுக்கு ஒரு கொட்டகை உண்டு. அங்கே எடை போடுபவர் உரக்கக் கூவுவார். என் மகள் பென்சிலால் நோட்டில் எழுதுவாள். தண்ணீர் பட்டால் மை ஓடிவிடும் என்பதால் அங்கே பேனா கிடையாது. நோட்டுக்குப் பதிலாக டேப்லெட் வாங்கலாமா என்று கணக்குப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. கருவியின் விலை, மாதக் கட்டணம், மிச்சமாகும் ஓர் அலுவலக எழுத்தரின் சம்பளம், எல்லாம் அட்டவணையாக எழுதினேன். கூட்டத்தில் பாராட்டினார்கள். டேப்லெட் வாங்கி என் மகளிடம் கொடுத்தார்கள்.

கொட்டகையில் யாருடைய கையும் காய்ந்திருப்பதில்லை. ஈர விரலைத் திரை கண்டுகொள்ளாது; கண்டுகொண்டால் ஒன்றை இரண்டாகப் பதியும். ஒரு கூடைக்கு ஐந்து பக்கங்கள் தாண்ட வேண்டும். கொஞ்சம் சும்மா விட்டால் மறுபடி கடவுச்சொல் கேட்கும்.

"இன்னாம்மே, கண்ணாடிக்குப் பொட்டு வெச்சிகினு கீறே? எறா வெயில்ல வேவுது!" என்று, இறால் விற்க வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி கத்தினாளாம்.

"இரு அக்கா, கை ஈரம். தொட்டா எடுக்கமாட்டேங்குது."

"மூக்கால தேய். அதான் காஞ்சி கீது."

மூக்காலும் தேய்த்துப் பார்த்திருக்கிறாள் என் மகள். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் பென்சிலை எடுத்து, பக்கத்தில் கிடந்த தெர்மோகோல் பெட்டியின் மூடியில் அந்தப் பெண்களின் பெயரையும் எடையையும் எழுதினாள், பிறகு பதிந்துகொள்ளலாம் என்று. நோட்டை அலுவலகம் திரும்ப வாங்கிக்கொண்டது; மூடியோ நனையாது. அவசரத்துக்கு அங்கே எல்லோரும் மூடியில்தான் எழுதுவார்கள். ஏற்றுகிறவர்கள் அதையே ஒரு பெட்டிக்குப் போட்டு, டேப் ஒட்டி, லாரியில் அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் அந்தப் பெண்கள் பணம் கேட்டார்கள். கருவியில் அவர்கள் பெயரே இல்லை. மேலாளர் என் மகளைப் பார்த்து, "இல்லாத சரக்குக்குப் பணமா? இதுல உனக்கு இவங்க தர்ற பங்கு எவ்ளோ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், சரக்கு போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து மூடியைப் படமெடுத்து அனுப்பினார்கள். அந்தப் பெண்கள் சொன்ன எடையில் ஒரு கிலோகூட மாறவில்லை. மன்னிப்புக் கேட்பார்கள் என்று நினைத்தேன். என் மகளுக்குக் 'கூடுதல் பயிற்சி தேவை' என்று கடிதம் வந்தது.

கடிதத்தோடு மேலாளரிடம் போனேன். அவர் மேசையில் டேப்லெட்டையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் வைத்து, "கையை நனைச்சிட்டு இதுல ஒரு கூடைக் கணக்குப் போடுங்க சார்" என்றேன். மூன்று முறை முயன்றார். பிறகு கைக்குட்டையை எடுத்தார்.

"தொடைச்சா வேலை செய்யுதே!"

"ஒவ்வொரு கூடைக்குமா சார்?"

"அதையெல்லாம் அட்டவணையில எங்கம்மா போடறது?"

எங்கே போடுவதா? உருகிய ஐசும், மெத்தென்று ஆன இறாலும், பொறுமையிழந்து வேறு வியாபாரியிடம் போன கூடைகளும் செலவில்லையா? இயக்குகிறவள் படும் பாடு கருவியின் விலையில் சேராதா? வாங்குவதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய வரிகள் அவை. கோபமாகப் புதிய அட்டவணை தயாரித்துக் கொடுத்தேன். நோட்டு திரும்பி வந்தது. என் மகளையும் வரச் சொன்னார்கள்.

வீட்டில் சொன்னபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மொதல்லியே ஒரு தடவ கொட்டாய்க்கு வந்து, நீயே ஒரு கூடை போட்டுப் பாத்திருக்கலாமேம்மா."

அவள் இன்னும் வேலைக்குப் போகவில்லை.