கரண்டு ஏறாத கிதார்

சேலத்தில் எனக்குக் கிதார் விற்ற கடைக்காரர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஊட்ல ஆம்ப்ளிஃபயர் வெச்சிருக்கீங்களா?"

"இருக்குதுங்க" என்றேன்.

ஆம்ப்ளிஃபயர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் யார் எதைக் கேட்டாலும் ஆமாம் என்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். ஆறாம் வகுப்பில் ஹாஸ்டல் சிஸ்டர், "ஸ்பூனில் சாப்பிடத் தெரியுமா?" என்றபோது தெரியும் என்றேன். டைப்பிஸ்ட் வேலைக்குப் போனபோது, "டெலிபோன் எடுத்துப் பேசியிருக்கிறாயா?" என்றார்கள். பேசியிருக்கிறேன் என்றேன். தெரியாது என்று சொன்னால் கேட்டவர் முகத்தில் ஒரு இரக்கம் வரும். அதைப் பார்ப்பதைவிட, பிறகு தனியாக உட்கார்ந்து முழிப்பது மேல். ஸ்பூன், டெலிபோன் இரண்டையும் அப்படித்தான் முழித்து முழித்தே கற்றுக்கொண்டேன். இந்த ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது?

"புடிக்கலீன்னா எட்டு நாளைக்குள்ள கொண்டாங்க. கீறல் இல்லாம இருந்தா எடுத்துக்குவோம்" என்றார் கடைக்காரர்.

"திருப்பறதுக்குன்னு யாராச்சும் வாங்குவாங்களா?" என்று கேட்டுவிட்டு, எலக்ட்ரிக் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

மரக் கிதார் இல்லாமல் ஏன் எலக்ட்ரிக் என்று கேட்டால், அதற்கும் பள்ளிக்கூடம்தான் காரணம். அங்கே ஒரு மியூசிக் ரூம் இருந்தது. தனியாகப் பணம் கட்டும் பிள்ளைகளுக்கு மட்டும். எங்களைப்போல் உதவித்தொகையில் படித்தவர்கள் வராந்தாவில் நின்று கேட்டுக்கொள்ளலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஏழு வருஷம் அவர்கள் வாசித்தது எனக்குக் கேட்டது. நான் வாசிப்பது அவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவர்கள் இப்போது எங்கே இருந்தாலும் சரி. அதற்கு மரப்பெட்டி போதாது.

ஏற்காடு பஸ்ஸில் கிதாரை மடியில் குறுக்காக வைக்க இடமில்லை. நிமிர்த்தி முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உறைக்குள் இருந்த அதன் தலை பக்கத்துச் சீட்டுக்காரரின் காதில் இடித்தது.

"ஏனுங்க, துப்பாக்கிங்களா?"

"கிதாருங்க."

அவர் இரண்டு வளைவு தூரம் யோசித்தார். "எந்த எஸ்டேட் தொர ஊட்டுக்குங்க கொண்டுட்டுப் போறீங்க?"

"எங்க ஊட்டுக்கு."

அடுத்த வளைவில் நானே வேண்டுமென்று கொஞ்சம் பலமாகச் சாய்ந்தேன்.

கொட்டச்சேட்டில், காப்பி எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்குள் பாய் விரித்து, அதன் மேல் வைத்து உறையைத் திறந்தேன். நன்றாகப் பழுத்த காப்பிப் பழத்தின் சிவப்பு. அம்மா அன்றும் நாள் முழுக்கப் பழம் பறித்துவிட்டு வந்திருந்தாள். "இந்தக் கலரை ஊட்டுக்குள்ளயும் பாக்கோணுமா?" என்றாள். அப்பா அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"ஓட்டையக் காணமே கண்ணு? நடுவுல பெருசா ஒண்ணு இருக்கோணுமல்ல. ஏமாத்திப்போட்டானா?"

"அது மரக் கிதாருக்குப்பா. இது எலக்ட்ரிக்."

அப்பா ஒரு அடி பின்னால் போனார். அம்மா உள்ளே போய் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் லைனுக்குக் கரண்டு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. இன்னும் அந்த அளவுக்குப் பழகவில்லை.

கிதாரைத் தூக்கி வாரை மாட்டிக்கொண்டேன். ஆட்டுக்குட்டி கனம் கனத்தது. கண்ணாடியில் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தேன். ஆறு கம்பிகளையும் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தேன்.

'ணிங்' என்றது. அதைவிடப் பக்கத்து வீட்டில் அத்தை வெங்காயம் நறுக்கும் சத்தம் நன்றாகக் கேட்டது.

திருகு மூன்று இருந்தன. மூன்றையும் கடைசிவரை திருகினேன். ணிங். பக்கவாட்டில் இருந்த கம்பிப் பிடியை அமுக்கினேன். ணிய்ங். கூடவே கொடுத்திருந்த வயரை எடுத்தேன். இரண்டு முனையிலும் விரல் தடிமனுக்கு ஒரே மாதிரி குண்டு ஊசி. ஒரு முனை கிதாருக்குள் போனது. மறுமுனையை எங்கே சொருகுவது? எங்கள் வீட்டில் கரண்டு வரும் ஓட்டை ஒன்றே ஒன்றுதான். அதில் பல்பு தொங்கிக்கொண்டிருந்தது.

வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு அத்தை வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். அப்பாவின் அக்கா. அவள் வாய்க்கு எஸ்டேட் ஜீப்பே வழிவிடும்.

"பொரியற அப்பளம் இதைவிடச் சத்தம் போடுமே சாமி."

வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னேன். "புதுசு அத்தை. கரண்டு ஏறோணும். ஒரு வாரம் ஆகும்."

எங்கள் லைனில் படித்தவள் நான் ஒருத்திதான். கடுதாசி வந்தால் நான் படிக்க வேண்டும், மனு என்றால் நான் எழுத வேண்டும். மருந்துச் சீட்டைப் பார்த்து எத்தனை மாத்திரை என்று சொல்ல வேண்டும். அதனால் நான் எதைச் சொன்னாலும் அது உண்மையாகிவிடும். அத்தைகூட மறுத்துப் பேசவில்லை. பேரம்தான் பேசினாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம என்ற பேத்திக்குக் காதுகுத்து. அதுக்குள்ள சத்தம் வந்தா கிதாரு. வரலீன்னா திங்கக்கெழம திருப்பிக் குடுத்துப்போட்டு மாவரைக்க மிச்சி வாங்கு. உன்ற அம்மா ஆட்டாங்கல்லோட மாரடிச்சு நொம்ப நாளாச்சு. ஆமா, உனக்கு இதை வாசிக்கத் தெரியுமல்ல?"

"தெரியும்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

மறுநாள் திங்கட்கிழமை காலை நான் ஆபீஸ் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அப்பா கிதாரின் வயிற்றில் புறங்கையை வைத்துப் பார்த்தார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. "இன்னும் சூடு ஏறல கண்ணு" என்றார். செவ்வாய்க்கிழமையும் பார்த்தார். புதன்கிழமை டீக்கடையில் யாரோ விசாரித்ததற்கு, "ஏறிட்டிருக்குதுங்க, அவசரப்படுத்தக் கூடாதாம்" என்று சொன்னதை நானே கேட்டேன். ஓடிப்போய் ஏரியில் விழலாம்போல் இருந்தது. ஆபீசுக்கு நேரமாகிவிட்டதால் விழவில்லை.

வியாழக்கிழமை ஏற்காடு பஜாரில் மைக் செட் வாடகைக்கு விடும் பாய் கடைக்குப் போனேன். அவர் ஒரு ரேடியோவைப் பிரித்துப்போட்டு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"என்னோட சிநேகிதி ஒருத்தி எலக்ட்ரிக் கிதார் வாங்கியிருக்கா பாய். சத்தம் வரலையாம்."

"எதுல மாட்டியிருக்காங்க?"

"எதுலயும் மாட்டலை."

பாய் பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்தார். "ஆம்ப்ளிஃபயர் இல்லாமயா? தங்கச்சி, மைக்கை மட்டும் கையில எடுத்துக்கிட்டு, செட்டை ஊட்லயே உட்டுட்டுக் கூட்டத்துல பேசப்போனா எப்படி இருக்கும்? அந்தக் கதைதான். சத்தம் வர்ற பொட்டி தனி, கிதார் தனி." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "உங்க சிநேகிதி படிச்சவங்களா?"

"பி.ஏ."

"அதான்" என்றார். "சனிக்கெழம மத்தியானம் கொட்டச்சேட்டுக்குக் காதுகுத்துச் செட்டுக் கட்ட வர்றேன். என் பொட்டியிலயே மாட்டிப் பாக்கலாம். சிநேகிதியையும் வரச்சொல்லுங்க, மூஞ்சியப் பாத்துக்கறேன்."

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். நான் வந்து இறங்கும்போது பாய் அத்தை வீட்டு வாசலில் பெட்டியை வைத்துவிட்டு, சில்வர் ஓக் மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்தார். எதிர்ச் சரிவில் பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. அம்மாவும் அங்கேதான் இருந்தாள். நான் கிதாரோடு போய் நின்றேன்.

"சிநேகிதி வரலீங்களா?" என்றார் பாய் மரத்திலிருந்து.

"வந்துட்டா."

இறங்கிவந்து வயரை மாட்டிக் கொடுத்தார். "இருங்க, மேல இன்னொரு முடிச்சுப் போட்டுட்டு வந்தர்றேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க" என்று மறுபடி ஏறினார். நான் எதையும் தொடவில்லை. ஆனால் ஒரு வாரமாக அந்த மூன்று திருகும் கடைசிவரை திருகியபடியே இருந்தன. பாய் அதைப் பார்க்கவில்லை, நானும் மறந்துபோனேன். நின்றதும் ஸ்பீக்கருக்கு நேர் கீழே, மைக்கைக் கொண்டுபோனால் ஊளையிடும் இடத்தில்.

முதலில் ஒரு முனகல் மாதிரி வந்தது. பிறகு அது ஏறியது. ஊஊஊ என்று மேலே மேலே ஏறி, எதிர்மலையில் முட்டித் திரும்பி, இன்னும் பெரிதாக வந்தது. கம்பியில் என் விரல்கூடப் படவில்லை. வயிற்றோடு சாய்த்திருந்த கட்டை நடுங்கியது, என் பல்லும் சேர்ந்து நடுங்கியது. எதைத் தொட்டால் நிற்கும் என்று தெரியாது. மரத்தின் மேல் பாய் ஏதோ கத்தினார், வாய் அசைவதுதான் தெரிந்தது. அப்பா மட்டும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "ஏறிருச்சு! கண்ணு, ஏறிருச்சு!"

பாய் சறுக்கி இறங்கி வயரைப் பிடுங்கினார். அப்போதுதான் எதிர்ச் சரிவைப் பார்த்தேன். காப்பிச் செடிகளுக்கு நடுவிலிருந்து பெண்கள் வரிசையாகச் சாக்கு மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு களத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் எஸ்டேட்டில் சாயங்காலம் சங்கு ஊதினால் பறிப்பை நிறுத்திவிட்டு எடை போட வர வேண்டும். சங்கும் இப்படித்தான் ஊஊஊ என்று நீளமாக ஊதும். அப்போது மணி மூன்றுதான். வரிசையில் முதல் ஆளாக என் அம்மா, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி வீசி நடந்து வந்தாள்.

எஸ்டேட் ரைட்டர் எடைக் கணக்கு எழுதும் பேனாவோடு களத்திலிருந்து ஓடிவந்தார். "யாரு சங்கு ஊதினது?"

அத்தை என்னைக் காட்டினாள். "சங்கில்லீங்க. நம்ம படிச்ச புள்ளைக்குக் கரண்டு ஏறிருச்சு."

அதற்குள் பெண்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். ரைட்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதை வாசிக்கத் தெரியுமா உனக்கு, தெரியாதா?"

வாய் வழக்கம்போலத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் அப்பா இன்னும் சிரித்தபடியே, கிதாரின் மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாதுங்க" என்றேன். "கரண்டு ஏறும்னு சொன்னதும் பொய்யிங்க. அதுல எதுவும் ஏறாது. வாங்கும்போது எனக்கு ஒண்ணுமே தெரியாது."

அப்பா கையை எடுத்து, அந்தப் புறங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறெங்காவது போய் நிற்கலாம் என்று பார்த்தால் கிதார் கனத்தது.

அம்மா மூட்டையைக் கீழே போட்டாள். "தெரிஞ்சிருந்தா எதுக்கு வாங்கறா? ஏனுங்க ரைட்டரய்யா, நீங்க எழுதப் பழகினப்பறமா பேனா வாங்கினீங்க?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் ரைட்டர் பேனாவைப் பையில் போட்டுக்கொண்டார். மறுபடி போய்ப் பறிக்கச் சொன்னார். எறங்கினது எறங்கினதுதானுங்க என்று அவர்கள் மூட்டைகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் தராசை வெளியே எடுத்துவரச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"சத்தம் வந்துச்சு. பேச்சுன்னா பேச்சு, மிச்சி வேண்டாம்" என்றாள் அத்தை. "ஆனா நாளைக்கு மட்டும் வாசிச்சுப்போடாத சாமி. புள்ளைக்குக் காது குத்தற வலியே போதும்."

எடை போட்டு வீட்டுக்குப் போகும் வழியில் பெண்கள் ஒவ்வொருத்தியாக என்னிடம் நின்றுவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் சொல்ல இருந்தது ஒன்றுதான். "சனிக்கெழம சனிக்கெழம ஊது கண்ணு. மூணு மணிக்கு."

வீட்டில் அப்பா கிதாரைச் சுற்றி மறுபடி ஒருமுறை நடந்தார். பிறகு, "அப்போ ஷாக்கும் அடிக்காதா?" என்றார். அடிக்காதுப்பா என்றேன். பாயில் உட்கார்ந்து, ஒரு வாரத்தில் முதல் தடவையாக உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். தடித்த கம்பியை ஒரு விரலால் தட்டிவிட்டு, குனிந்து கட்டையில் காதை ஒட்டவைத்தார்.

"கண்ணு, உள்ள நல்லாத்தான் கேக்குது."

நானும் மறுபக்கம் காதை வைத்துப் படுத்தேன். கேட்டது. அம்மா எங்கள் இருவரையும் தாண்டிக்கொண்டு ஆட்டாங்கல்லுக்குப் போனாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, கிதார் இல்லாமல் சேலத்துக்குப் போனேன். கடைக்காரர் என் வெறுங்கையைப் பார்த்தார்.

"திருப்பறதுக்கு வரலீங்களா?"

"இல்லைங்க. ஆம்ப்ளிஃபயர் வாங்க வந்தேன். அன்னிக்கு இருக்குதுன்னது பொய்."

அவர் முகத்தில் அந்த இரக்கம் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று நின்றேன். போய்விட்டது. மூன்று பெட்டிகளை எடுத்து மேஜை மேல் வைத்து ஒவ்வொன்றாக விளக்கினார். புரியாத இடத்தில் மறுபடி கேட்டேன், இரண்டாவது பெட்டிக்கு மூன்று தடவை.

"வாசிக்கத் தெரியுங்களா?"

"தெரியாதுங்க" என்றேன். கடைக்கு வெளியே நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "எதுல நல்லா ஊளையிடும்னு மட்டும் மொதல்ல காட்டுங்க. சனிக்கெழம மூணு மணிக்கு வேலை இருக்குது."